ஓர் அங்குலத்துக்கு ஐம்பது மரம்

எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. பயிற்சிக் கல்லூரியை முடித்த கையோடு, ஈப்போவிலிருந்து காம்பாருக்குப் போகும் வழியில் இருந்த ஒரு ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பினார்கள். எழுபதுகளின் பிற்பாதி அது. நான் ஈப்போவில் பிறந்து வளர்ந்தவள். மின்விசிறி இல்லாத வகுப்பறையை அதற்கு முன் பார்த்ததில்லை. வந்த முதல் வாரமே, இந்த இடத்துக்கு நான் கொஞ்சம் அதிகம் என்ற நினைப்பு எனக்கு வந்துவிட்டது. அதை இப்போது மறைத்து எழுதி என்ன ஆகப்போகிறது.

காலையில் பஸ் என்னைத் தோட்டத்து முச்சந்தியில் இறக்கிவிடும். அங்கே தமிழ் முஸ்லிம் ஒருவரின் சாப்பாட்டுக் கடை இருந்தது. எல்லாரும் அவரை நானா என்பார்கள். என் சைக்கிளை அவர் கடைக்குப் பின்னால்தான் விட்டு வைத்திருந்தேன். சைக்கிளை எடுப்பதற்கு முன் ஒரு டீ குடிப்பேன். மற்ற கடைகளில் டின் பால். நானா கடையில் மட்டும் பசும்பால். அந்த டீக்காகவே நான் பதினைந்து நிமிடம் முந்திய பஸ்ஸைப் பிடித்து வந்திருக்கிறேன்.

அந்தப் பாலைக் கொண்டுவருகிறவர் எங்கள் தோட்டத்துக்காரர். ஒல்லியான, வார்த்தைகளைச் சிக்கனமாகச் செலவழிக்கிற மனிதர். பெரிய தூக்கு இரண்டை சைக்கிளில் மாட்டிக்கொண்டு வந்து பாலை ஊற்றிவிட்டு, புல் வெட்டும் காண்டிராக்ட் லோரிக்காக அங்கேயே நிற்பார். மனைவி பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுக்கிறவர். ஒரே மகள் என் ஆறாம் ஆண்டு வகுப்பில் இருந்தாள். என்னைக் கண்டால் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொள்வார்.

“எம் மவ எப்படி டீச்சர்?”

“நல்லா படிக்கிறா.”

“அடுத்த வருசம் காம்பார் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிடுவேன். பஸ்ஸுக்கும் உடுப்புக்கும் மாடுங்க பாத்துக்கும் டீச்சர்.”

தினமும் இதே பேச்சுதான். தோட்டத்தில் ஆறாம் ஆண்டு முடித்த பெண் பிள்ளைகள் பெரும்பாலும் அம்மாவின் பின்னால் வாளியைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போய்விடுவார்கள். இந்த மனிதர் தன் மகள் போகமாட்டாள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதை என்னிடம் சொல்வதில் அவருக்கு ஒரு பெருமை இருந்தது. எனக்கும் இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

நான்கு, ஐந்து, ஆறு என மூன்று வகுப்பும் எனக்கு ஒரே அறையில். பூகோளப் பாடம் வந்தால் ஆறாம் ஆண்டின் பதினொரு பேரும் மாநிலங்களின் தலைநகரங்களை ஒரே ராகத்தில் ஒப்பிப்பார்கள். உலகத்தின் நீளமான நதி, உயரமான மலை எல்லாம் தலைகீழ்ப் பாடம். ஒருநாள் பாட்டை நிறுத்திவிட்டு, “நம்ம தோட்டத்து ஆறு எந்தப் பக்கமா ஓடுது?” என்று கேட்டேன். பதினொரு பேரும் என்னைப் பார்த்தார்கள். பிறகு பால்காரரின் மகளான அந்தப் பெண் எழுந்து, “பள்ளத்துப் பக்கமா ஓடுது டீச்சர்” என்றாள். வகுப்பு சிரித்தது. நான் வடக்கு, தெற்கு என்று ஒரு பதிலை எதிர்பார்த்து நின்றேன். அவள் சொன்னதும் சரியான பதில்தான் என்று ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. “உட்காரு” என்றேன்.

அன்றைக்கே முடிவு செய்தேன். இந்தப் பிள்ளைகளுக்கு நைல் நதி இப்போதைக்கு வேண்டாம். தங்கள் தோட்டத்தைத் தாங்களே அளந்து, வரைபடம் ஒன்றைத் தயாரிக்கட்டும். ஆட்கள் குடியிருக்கும் லயங்கள், கோயில், ரப்பர் பால் சேர்க்கும் பால் ஸ்டோர், கைக்குழந்தைகளை விட்டுப் போகும் ஆயாக்கொட்டகை, ஆபிஸ், கிணறு, பாதை எதுவும் விடுபடக்கூடாது. பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குப் பூகோளம் நடத்தியவர் ஒரு வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வார். அதை நானும் கரும்பலகையில் பெரிதாக எழுதிப் போட்டேன்: நிலத்தில் இருப்பது வரைபடத்தில் இருக்க வேண்டும்.

அளப்பதற்கு எங்களிடம் ஓரடி நீளக் கட்டை ஒன்றுதான் இருந்தது. கயிறு வாங்கலாமா, காலடியால் எண்ணலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது அந்தப் பெண்தான் சொன்னாள்.

“மரத்த எண்ணுனா போதுமே டீச்சர். எல்லா மரமும் ஒரே எடவெளிதானே.”

ரப்பர் மரங்களை வரிசையில் நடும்போது அளந்துதான் நடுவார்கள். ஒரு மரத்துக்கும் அடுத்த மரத்துக்கும் பத்தடி. லீவு நாளில் அம்மாவுக்கு ஒத்தாசையாக மரம் துடைத்து வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். லயத்திலிருந்து கோயிலுக்கு எவ்வளவு தூரம் என்று கேட்டால் விழிப்பார்கள். எத்தனை மரம் என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். ‘ஓர் அங்குலத்துக்கு ஐம்பது மரம்’ என்று அளவுத்திட்டம் வைத்தோம். உலகத்தில் வேறெந்த வரைபடத்திலும் அப்படி ஓர் அளவு இருந்திருக்காது. அந்த ஆறு வாரமும் நான் அந்தத் தோட்டத்தில் சந்தோஷமாக இருந்தேன். பிள்ளைகள் மதியத்தில் வியர்க்க வியர்க்கக் காட்டுக்குள்ளிருந்து வந்து எண்ணிக்கைகளை ஒப்பிப்பார்கள். இரண்டு பேர் கணக்கு ஒத்துப்போகாவிட்டால் மறுபடி ஓடுவார்கள்.

அந்தப் பெண்ணின் கணக்கு மட்டும் ஒருபோதும் தவறியதில்லை. நோட்டுப் புத்தகத்தில் எல்லாரும் ஆளுக்கொரு படம் வரைய வேண்டும், அதில் சிறந்ததைப் போட்டவர் பெரிய அட்டையில் வரையலாம் என்று சொல்லியிருந்தேன். யார் வரையப்போகிறார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

அவள் நோட்டைத் திருத்தும்போதுதான் அதைப் பார்த்தேன். ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு கல் விடாமல் இருந்தது. ஆற்றின் மேல் போட்ட பலகைப் பாலமும் இருந்தது. மேட்டு லயத்திலிருந்து இறங்கிய ஒற்றையடிப் பாதை பாலத்தைத் தொட்டு, அங்கேயே நின்றுபோயிருந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் வெள்ளைக் காகிதம். மற்ற பத்து பேரின் நோட்டையும் எடுத்துப் பார்த்தேன். எல்லாரும் அங்கே வெள்ளையாகத்தான் விட்டிருந்தார்கள். மற்றவர்கள் விட்டது சோம்பல் என்று நினைத்தேன். இவள் விட்டதுதான் எனக்குக் கோபத்தைக் கிளப்பியது. சிவப்பு மையால் எழுதினேன்: ‘பாதை எங்கே போகிறது? காலியாக விடாதே. நிலத்தில் இருப்பது வரைபடத்தில் இருக்க வேண்டும்.’ பத்துக்கு ஆறு போட்டேன்.

மறுநாள் அவளை மேசைக்குக் கூப்பிட்டேன்.

“ஆத்துக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு?”

“ஒன்னும் இல்ல டீச்சர். பொதருதான்லா.”

“ஒன்னும் இல்லாத இடத்துக்கு யாராவது பாலம் போடுவாங்களா?”

அவள் தரையைப் பார்த்தாள்.

“மாட்டுக் கொட்டா இருக்கு டீச்சர். அதப் போட வேணாம் டீச்சர்.”

“ஏன்?”

அவள் நோட்டின் ஓரத்தை மடக்கிக்கொண்டிருந்தாள். மேசைமேல் ரோத்தான் பிரம்பு இருந்தது. நான் அதைத் தொடவில்லை. தொட வேண்டிய தேவையும் இருக்கவில்லை. “அப்ப பெரிய படத்த வேற யாராவது வரையட்டும்” என்றேன். அது போதுமானதாக இருந்தது. அவள் கண் நிறைந்துவிட்டது. வகுப்பில் ஒரு சத்தம் இல்லை. அதை நான் ஒழுக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எனக்குத் தெரியாது என்று நான் பல வருடம் எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பொய். தோட்டத்தில் பாதி ரப்பரை வெட்டிச் சாய்த்துவிட்டு அப்போது எண்ணெய்க்காகச் செம்பனை நட்டுக்கொண்டிருந்தார்கள். கன்றுகளை மாடு தின்றுவிடும் என்று, இனித் தோட்டத்தில் யாரும் மாடு வைத்திருக்கக் கூடாது என்று காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. மலாய், ஆங்கிலம், தமிழ் மூன்றிலும். தினமும் அதைத் தாண்டித்தான் சைக்கிளில் போவேன். படித்தும் இருக்கிறேன். என்னிடம் மாடு இல்லை, ஆகவே அது எனக்கு எழுதியது அல்ல என்று போய்விட்டேன். ஆட்கள் மாடுகளை ஆற்றுக்கு அந்தப் பக்கம், பழைய ஈயச் சுரங்க லம்பத்து ஓரப் புதருக்குள் கொண்டுபோய் வைத்திருந்தார்கள். ஆட்களை வேலை வாங்கும் தண்டலுக்குத் தெரியும். ஆபிஸின் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணிக்குத் தெரியும், அவர் வீட்டுக்கும் அங்கிருந்துதான் பால் போனது. வந்து ஒரு வருடமே ஆன மேனேஜருக்கு மட்டும் தெரியாது. அவர் ஜீப் போகிற இடத்துக்கு மட்டும்தான் போவார்.

தினமும் காலையில் நான் குடித்த டீயும் அந்தக் கொட்டகைப் பால்தான். இவ்வளவும் தெரிந்த ஒருத்திக்கு, ஒரு பிள்ளை ஏன் ‘வேணாம்’ என்கிறது என்று புரிந்துகொள்ள எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு நிமிடம் நின்று யோசித்திருந்தால் போதும். எனக்கு அந்தப் படம் முழுமையாக வேண்டும் என்பதைத் தவிர வேறு எதுவும் அப்போது தலைக்குள் இல்லை.

மறுநாள் அவள் கொட்டகைகளைப் போட்டுக் கொண்டுவந்தாள். ஏழு. ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னக் கூரைக் குறி. பாலத்திலிருந்து முதல் கொட்டகைக்கு அறுபது மரத் தூரம் என்றாள். அந்தப் பக்கம் மரமே இல்லையே, எப்படி எண்ணினாய் என்று கேட்டேன். ரப்பர் காட்டில் பத்து மரம் நடந்து தன் காலடியை எண்ணிப் பார்த்து, அதே நடையில் போய் அளந்ததாகச் சொன்னாள். அழுதுகொண்டே வீட்டுக்குப் போன பிள்ளை, தப்பாகப் போட மனம் வராமல் அவ்வளவு தூரம் அளந்திருக்கிறது. பத்துக்குப் பத்து போட்டேன்.

பரிசளிப்பு நாளில் அந்த வரைபடத்தை மண்டபத்து நடுச்சுவரில் மாட்டினோம். தோட்டப் பள்ளிகளில் மேனேஜர்தான் பள்ளி வாரியத்துக்குத் தலைவர். அவர் மாலையைக் கழற்றிப் பக்கத்து நாற்காலியில் வைத்துவிட்டு நேராகப் படத்தின் முன்னால் போய் நின்றார். அவருக்குத் தமிழ் வாசிக்க வராது. தலைமையாசிரியர் என்னைப் பார்த்தார். நான் முன்னால் போனேன். கல்லூரியில் கற்ற ஆங்கிலத்தைக் காட்ட அந்தத் தோட்டத்தில் எனக்கு வேறு வாய்ப்பு எங்கே? இது கோயில், இது பால் ஸ்டோர், இது ஆயாக்கொட்டகை என்று ஒவ்வொரு குறியாக விரல் வைத்து ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே வந்தேன்.

அவர் விரல் ஆற்றைத் தாண்டியது.

“கௌ ஷெட்ஸ்” என்றேன். அவர் கேட்காமலே, “செவன்” என்றும் சொன்னேன்.

பின்னால் பெரிய கிராணி இருமினார். என் சேலை முந்தானையை யாரோ பிடித்து இழுத்தார்கள். திரும்பினால் அந்தப் பெண். தன்னையும் அறிமுகப்படுத்தச் சொல்கிறாள் என்று நினைத்தேன். கடவுளே, நான் அப்படித்தான் நினைத்தேன். அவள் தோளைப் பிடித்து முன்னால் நிறுத்தி, இதை வரைந்தது இவள்தான் என்று சொன்னேன். மேனேஜர் அவளுக்குக் கை கொடுத்தார். மிகவும் துல்லியமான படம், ஆபிஸில் இருப்பது வெள்ளைக்காரன் காலத்தது, இதைக் கொஞ்ச நாள் இரவல் தர முடியுமா என்று கேட்டார். தலைமையாசிரியர் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு படத்தைக் கழற்றிச் சுருட்டிக் கொடுத்தார். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த பெற்றோர்கள் யாரும் கை தட்டவில்லை.

அடுத்த வாரமே தோட்டத்துக் காவலாளிகளான ஜாகாக்கள் இரண்டு பேர் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆற்றைத் தாண்டினார்கள். மூன்று நாளில் மாடுகளை அப்புறப்படுத்த வேண்டும், இல்லாவிட்டால் வேலையும் வீடும் போகும் என்று சொல்லிவிட்டு வந்தார்கள். மூன்று நாளில் மாட்டை எங்கே கொண்டுபோய்க் கட்டுவது? ஈப்போவிலிருந்து ஒரு லோரி வந்தது. அந்த லோரி எங்கே போகும் என்று எல்லாருக்கும் தெரியும். சாமி கும்பிட்டு, மஞ்சள் பூசி வளர்த்த மாடுகளை அவர்களே கயிற்றைப் பிடித்து ஏற்றிவிட்டார்கள். நான்காம் நாள் டிராக்டர் வந்து கொட்டகைகளைத் தள்ளியது.

லோரி பள்ளி வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். நான் வகுப்பில் இருந்தேன். என்ன பாடம் நடத்தினேன் என்று நினைவில்லை. பிள்ளைகள் எல்லாரும் ஜன்னலுக்கு ஓடினார்கள். ஒரு பையன் ஒரு மாட்டின் பெயரைச் சொல்லிக் கத்தினான். அந்தப் பெண் மட்டும் எழவில்லை. கரும்பலகையில் இருந்ததை நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தாள். கரும்பலகையில் இருந்ததை எல்லாம் எழுதி முடித்த பிறகும் எழுதிக்கொண்டிருந்தாள்.

அன்று மாலை பெரிய கிராணி சைக்கிளை என் பக்கமாக ஓட்டிவந்து இறங்கினார்.

“என்னா டீச்சர் இப்படிப் பண்ணிட்டீங்க. நாங்க எல்லாரும் கண்ண மூடிக்கிட்டுதான இருந்தோம்.”

நானும் சைக்கிளை விட்டு இறங்கினேன்.

“ஆளுங்க ரொம்பக் கொதிச்சிப் போயிருக்காங்க. புள்ளைங்களுக்கு வெவரம் பத்தல, வரஞ்சிருச்சின்னு சொல்லி வச்சிருக்கேன். நீங்க போடச் சொன்னதா யாரும் பேசல. அது அப்படியே இருக்கட்டும். தெனம் தனியா சைக்கிள்ல வாறீங்க போறீங்க, உங்களுக்கும் தொந்தரவு, சூசா ஆயிடும்.”

அவர் என் நன்மைக்காகத்தான் சொன்னார். தன் நன்மைக்காகவும் இருக்கலாம். “சரி அண்ணே” என்று சொன்னேன். அந்த இரண்டு வார்த்தையில் ஒரு பிள்ளையைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன்.

அந்தப் பெண் நான்கு நாள் பள்ளிக்கு வரவில்லை. வந்தபோது கெண்டைக்காலில் ரோத்தான் தடிப்புகள் வரிவரியாக இருந்தன. சில இடத்தில் தோல் கிழிந்து காய்ந்திருந்தது. மற்ற பிள்ளைகள் அவள் பக்கத்தில் உட்காரவில்லை. இடைவேளையில் யாரும் அவளோடு பேசவில்லை. ‘டீச்சர்தான் போடச் சொன்னாங்க’ என்று அவள் ஒரே ஒரு தடவை சொல்லியிருந்தால் எல்லாம் மாறியிருக்கும். பத்துப் பேருக்கும் அது தெரியும், அவர்களும் வாய் திறக்கவில்லை. டீச்சரைப் பற்றி வீட்டில் அப்படிப் பேசக் கூடாது என்று அந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு நாங்கள்தானே சொல்லிக் கொடுத்திருந்தோம்.

முச்சந்தியில் நானா எனக்கு டீயைக் கொண்டுவந்து வைத்தார். ஒரு வாய் குடித்ததுமே தெரிந்தது. டின் பால்.

“இனிமே இதுதான் டீச்சர். மாடெல்லாம் போச்சில்ல. பாவம், அந்த மனுசனுக்கு அவரு மவளே எமனா வந்துட்டா.”

நான் டீயைக் குடித்து முடித்தேன். தூக்கு இல்லாத சைக்கிளோடு அவள் அப்பா எதிர்ப்புறம் லோரிக்காக நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எப்போதும்போலத் தலைத்துண்டை அவிழ்த்தார். மகளைப் பற்றிக் கேட்கவில்லை.

வருடக் கடைசியில் காம்பார் இடைநிலைப் பள்ளியில் சேர்வதற்கான பாரத்தில் பெற்றோர் கையெழுத்து வேண்டியிருந்தது. அவள் பாரம் மட்டும் காலியாகத் திரும்பி வந்தது. ஒரு சனிக்கிழமை காலை நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். போடச் சொன்னது நான்தான் என்று சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். வழி முழுக்க அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

லயத்தின் கடைசி வீடு. எனக்கு ஒரு நாற்காலியைப் போட்டுவிட்டு அவள் அப்பா பலகையில் உட்கார்ந்தார். அந்தப் பெண் கோப்பி கொண்டுவந்தாள். கோப்பி ஓ. வெறும் கறுப்பு.

“பால் இல்ல டீச்சர். மன்னிச்சிக்கணும்” என்றார் அவர்.

சொல்ல வந்த வாக்கியத்தை நான் விட்டுவிட்டேன். அவள் கெட்டிக்காரி, பரீட்சையில் நன்றாகச் செய்திருக்கிறாள், பஸ்ஸுக்கு வேறு ஏதாவது ஏற்பாடு செய்து பார்க்கலாம், நானும் உதவுகிறேன் என்று வாய் நிறையப் பேசினேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

“வேற எதும் சொல்லணுமா டீச்சர்?” என்றார்.

படிப்பு முக்கியம், பெண் பிள்ளைக்கு இன்னும் முக்கியம் என்று மறுபடி ஆரம்பித்தேன். அவர் மனைவி கதவோரம் நின்றுகொண்டு, “இவ பண்ணி வச்ச வேலைக்கு இன்னும் படிப்பு ஒன்னுதான் கொறச்சல்” என்றார். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். நான் ஏதோ செய்யப்போகிறேன் என்று காத்திருக்கிற மாதிரி பார்த்தாள்.

அவர் மறுபடி கேட்டார். “அவ்ளோதானா டீச்சர்? வேற ஒன்னும் இல்லியே?”

“அவ்வளவுதான்” என்றேன்.

“அப்ப அவ வேலைக்குப் போவட்டும்” என்றார். நான் கோப்பியைக் குடித்துவிட்டு எழுந்தேன்.

அந்தப் பெண் பன்னிரண்டு வயதில் செம்பனை நாற்றங்காலுக்குப் போனாள். கறுப்புப் பைகளில் மண் நிரப்பும் வேலை. அடுத்த வருடத்து ஆறாம் ஆண்டுக்கு நான் நைல் நதியை நடத்தினேன். தோட்டத்தை வரையச் சொல்லி அதற்குப் பிறகு எந்த வகுப்பிலும் கேட்டதில்லை. பூகோளம் மறுபடி ராகம் போட்டு ஒப்பிக்கிற பாடமாகிவிட்டது. யாருக்கும் அதனால் நஷ்டம் இருந்ததாகத் தெரியவில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் எனக்கு ஈப்போவுக்கே மாற்றலானது. அதற்குள் மிச்ச ரப்பரும் சாய்ந்து எங்கே பார்த்தாலும் செம்பனைதான். மேனேஜரும் மாறியிருந்தார். புது மேனேஜருக்காக ஆபிஸைச் சுத்தம் செய்தபோது அந்த வரைபடத்தைச் சுருட்டிப் பள்ளிக்குத் திருப்பி அனுப்பினார்கள். விரித்துப் பார்த்தேன். ஏழு கொட்டகைகளையும் யாரோ சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டு, ஒவ்வொன்றாக அடித்திருந்தார்கள். நான் நோட்டில் திருத்துவதைப் போலவே இருந்தது.

மாற்றலாகிப் போகப் போகிறேன், இனி எனக்கு எந்த சூசாவும் வராது. அதனால்தான் அன்று எனக்குத் தைரியம் வந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். படத்தை எடுத்துக்கொண்டு கடைசி வீட்டுக்குப் போனேன்.

அவள் அப்பா வாசலில் கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் அப்போதுதான் வேலையிலிருந்து வந்து கை கழுவிக்கொண்டிருந்தாள். பதினைந்து வயது. கை விரல் நகங்களெல்லாம் உரம் பட்டு மஞ்சளாக இருந்தன. “வாங்க டீச்சர்” என்று சிரித்தாள். கோப்பி போட்டுக்கொண்டுவந்து வைத்துவிட்டு, படத்தைத் தரையில் விரித்துக் குனிந்து பார்த்தாள். கொட்டகைகளின் மேல் இருந்த சிவப்பு வட்டங்களில் அவள் விரல் நிற்கவில்லை. நேராகக் கீழே, அளவுத்திட்டத்துக்குப் போனது.

“இனிமே இந்தப் படத்த வச்சி ஒன்னும் அளக்க முடியாது டீச்சர். மரமே இல்லியே” என்றாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

நான் சொன்னேன். “அந்த மாட்டுக் கொட்டாயெல்லாம் நான்தான் போடச் சொன்னேன். அவ வேணாம்னு சொன்னா. நான்தான் விடல.”

அவர் கத்தியைத் தீட்டுவதை நிறுத்தவில்லை.

“தெரியும் டீச்சர்.”

அவர் கத்தியைத் திருப்பி மறுபக்கத்தைத் தீட்டினார்.

“அவள அடிச்சி முடிச்ச பெறவுதான் நோட்டப் பொரட்டுனேன். செவப்பு மையில எழுதியிருந்தீங்க, காலியா வுடாதேன்னு. எனக்குத் தமிழ் வாசிக்க வரும் டீச்சர்.”

“அப்ப ஏன் என்கிட்ட கேக்கல?”

“கேட்டனே. அன்னைக்கு இதே எடத்துல ஒக்காந்துகிட்டு ரெண்டு வாட்டி கேட்டேன். வேற எதும் சொல்லணுமான்னு.” கத்தியைக் கீழே வைத்தார். குரலில் கோபம் இல்லை. “மாடு போனாப் போவுதுன்னு எப்படியாச்சும் அனுப்பிடலாம்னுதான் இருந்தேன் டீச்சர். நீங்க வந்து ஒரு வார்த்த சொல்லுவீங்கன்னு பாத்தேன். எம் புள்ள பழிய சொமந்துகிட்டு நிக்கிறா, நீங்க படிப்பு முக்கியம்னு பேசிக்கிட்டே இருந்தீங்க. படிச்சா இப்படித்தான் ஆவாங்கன்னா, எம் புள்ளைக்கு அது வேணாம்னு அப்பத்தான் முடிவு பண்ணேன்.”

உள்ளே அவள் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது.  

“கோப்பி ஆறுது, குடிங்க டீச்சர்” என்றார்.

அன்றைக்கும் குடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.